கரண்டியை இங்கே குடு

மனிதர்களில் 'இங்கே குடு' என்றோர் இனம் உண்டு. அதற்கு வாலோ கொம்போ கிடையாது. கையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். சாதாரணமாக அந்தக் கை உடம்போடு சேர்ந்து அமைதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் யாராவது எதையாவது செய்யத் தொடங்கட்டும். தொங்கிய கை தானாக எழும்பும், உள்ளங்கை மேல்நோக்கி விரியும், நான்கு விரல்களும் சேர்ந்து மடங்கி நிமிரும். வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும்.

"இங்கே குடு."

நீங்கள் பார்த்திருப்பீர்கள். புது போனில் படம் எடுக்கப் பழகும் மனைவியிடமிருந்து போனை வாங்கி, தன் முகத்தையே மூன்று படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறவர். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நிதானமாக எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும் பெரியவரின் அட்டையைப் பிடுங்கி, தலைகீழாகச் சொருகி, "மெஷின் ரிப்பேரு" என்று ஊருக்கே அறிவிக்கிறவர். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பரிமாறுகிறவரிடமிருந்து கைப்பற்றி முதல் இலையிலேயே குளம் வெட்டுகிறவர். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி நடு ஆற்றுக்குப் போனதும், பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும் பரிசல்காரரிடம் துடுப்புக்குக் கை நீட்டி, வாங்கி, பரிசலைப் பம்பரமாகச் சுழலவிட்டு, கரையில் இறங்கியதும் "இவருக்குச் சரியா ஓட்டத் தெரியலை" என்று சொல்கிறவர் — எல்லாரும் ஒரே குடும்பம்.

கேட்டால், உதவி என்பார்கள். யார் கேட்டார்கள்?

இந்த இனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. வேலையின் தொடக்கத்தில் வாங்குவார்கள். முடிவில் திருப்பிக் கொடுப்பார்கள். வெங்காயம் நறுக்குவது எப்படி என்று காட்ட அரிவாள்மனையை வாங்குகிறவர், இரண்டு வெங்காயத்தோடு எழுந்துகொள்வார். மிச்ச வெங்காயமும், தோலைக் கூட்டுவதும், கண்ணீரும் உங்களுக்கு. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று "இங்கே குடு" என்று சொன்ன ஒருவரைக்கூட இந்த மாவட்டத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இவர்கள் எங்கும் வாழ்வார்கள் என்றாலும் நன்றாகச் செழித்து வளர்வது பள்ளிக்கூடத்தில்தான். அதிலும் அறிவியல் வகுப்பில். ஏனென்றால் அங்கே பிடுங்குவதற்குப் பொருள்கள் இருக்கின்றன. பொருள்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகளோ சின்னவை.

மாதவராஜ் சாரைச் சொல்கிறேன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தன் காசில் முகவை எனும் கண்ணாடி பீக்கரும் காந்தமும் வாங்கி வருவார். பாடத்தை வெறும் வாயால் நடத்தமாட்டார். செய்து காட்டித்தான் நடத்துவார். இதைப் பெற்றோர் கூட்டத்தில் அவரே சொல்வார்: "நான் வாயால பாடம் எடுக்கறவன் இல்லீங்க. எல்லாமே செய்முறை." உண்மைதான். செய்வது அவர், முறையும் அவருடையது. பிள்ளைகளின் பங்கு என்ன? "எல்லாரும் கையைக் கட்டிட்டுச் சுத்தி நில்லுங்க."

கலவைகளைப் பிரிக்கும் பாடம் வந்தது. ஒரு தட்டில் மணலும் இரும்புத் தூளும் கலந்து வைத்தார். காந்தத்தை எடுத்துக் கலைமதியிடம் கொடுத்தார். அவள் அதைத் தட்டுக்கு மேலே கொண்டுபோவதற்குள், "அப்படி இல்ல, இங்கே குடு." முடிந்தது. அந்த வகுப்பில் அத்தனை பேரும் காந்தம் இரும்பை இழுக்கும் என்று பரீட்சையில் பிழையில்லாமல் எழுதினார்கள். இழுக்கும்போது கைக்கு எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து, ராகி மாவைத் தண்ணீரில் கலந்து, அது கரையாமல் அடியில் தங்கும் என்று காட்டினார். "கொட்டிடுவ, கொட்டிடுவ" என்று கலைமதியின் கையிலிருந்த டீஸ்பூனைப் பறித்துக்கொண்டார். இந்தக் கலைமதி யார் தெரியுமா? அம்மா தக்காளி பறிக்கப் போகும் நாள்களில், கொதிக்கிற பானையில் மாவைக் கொட்டி, தன் கை நீளத்துக்குக் கட்டையைப் பிடித்து, ஆறு பேருக்குக் களி கிண்டி இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவள். ராகி மாவு தண்ணீரில் என்ன செய்யும் என்பதைப் பற்றி அவளுக்கு யாரும் டீஸ்பூனில் ஊட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். மதிப்பெண் அதற்குத்தானே.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாலக்கோட்டில் அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது.

பள்ளிக்கு இரண்டு மாணவர்கள். ஒரு எளிய சோதனை. தேர்வாகிறவர்கள் தருமபுரியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். கூடவே ஒரு விதி: நடுவர்கள் முன்னால் பிள்ளைகளே சோதனையைச் செய்ய வேண்டும், ஆசிரியர் கை பட்டால் அந்த அணிக்கு மதிப்பெண் கிடையாது. இந்த விதியை எழுதியவர் யாரோ, மாதவராஜ் சாரிடம் படித்தவராக இருக்க வேண்டும்.

கலைமதியும் ஹுமேராவும் பெயர் கொடுத்தார்கள். ஹுமேரா, கடைவீதியில் மெத்தை தைக்கும் கவுஸ் பாஷாவின் மகள். வகுப்பில் பேசமாட்டாள். வகுப்பு முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் போய், கழுவாமல் கிடக்கும் முகவைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பெயர் கொடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "நாங்களேதான் செய்யணுமா சார்?"

"ஆமாமா, நீங்களேதான்."

அவள் முகம் அன்று இருந்த இருப்பைப் பார்த்தவர்களுக்கு, மாவட்டக் கண்காட்சியெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம் என்று தெரிந்திருக்கும். அவளுக்கு வேண்டியது அந்தக் கரண்டி.

சோதனை இதுதான். ஒரு முகவையில் இருநூறு மில்லி தண்ணீர். கரண்டி கரண்டியாக உப்பைப் போட்டுக் கலக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டியும் முழுக்கக் கரைந்த பிறகுதான் அடுத்தது. எவ்வளவு கலக்கினாலும் இனிமேல் கரையாது என்று அடியில் உப்பு தங்கும் இடம் வரும். அப்போது அது தெவிட்டிய கரைசல். இவ்வளவுதான். உப்பும் தண்ணீரும் பொறுமையும் இருந்தால் போதும்.

மூன்றில் இரண்டு பள்ளியில் இருந்தன.

ஒத்திகை தினமும் நடந்தது. ஹுமேரா கரண்டியில் உப்பை அள்ளி, அளவுகோலால் தலை தட்டி, முகவைக்கு மேலே கொண்டுபோவாள். "இப்படிப் போட்டா பொழுது விடிஞ்சுரும். இங்கே குடு." சார் வாங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மடமடவென்று கொட்டுவார். கரைபொருள், கரைப்பான், கரைதிறன் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே இரண்டு சுற்றுச் சுற்றுவார். அடியில் வெள்ளையாக உப்பு கிடக்கும். "பாத்தீங்களா? சாச்சுரேஷன். இனிமே கரையாது. அஞ்சு கரண்டி. எழுதிக்கோங்க." பிறகு முகவையை ஹுமேராவிடம் நீட்டுவார். "கழுவி வை."

சார்ட் எழுதும் வேலையைக் கலைமதியிடம் ஒப்படைத்தார். தலைப்பில் இரண்டெழுத்து எழுதியிருப்பாள். "கோணலாப் போவுது, இங்கே குடு." ஆகவே சார்ட்டும் சாரின் முத்தான கையெழுத்திலேயே அமைந்தது: '200 மி.லி. நீர் — 5 கரண்டி உப்பு — தெவிட்டிய கரைசல்.' அதற்குக் கீழே, சிவப்பு மையில், நூறு மில்லி நீரில் சுமார் முப்பத்தாறு கிராம் உப்பு கரையும் என்று புத்தகத்தில் இருப்பதையும் அவரே எழுதினார். அவர் போட்ட ஐந்து கரண்டி அந்தக் கணக்கில் பாதிக்குக்கூட வராது. மேல் வரியையும் கீழ் வரியையும் எழுதிய கை ஒன்றுதான். படித்த கண் ஒன்றும் இல்லை.

கண்காட்சி நாள். பெண் பிள்ளைகள் போவதால் ஆசிரியை ஒருவரும் உடன் போக வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். கவுஸ் பாஷா அரை நாள் கடையைச் சாத்திவிட்டு, சட்டையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க, எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். மேசைகளுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம். மாதவராஜ் சார் கயிற்றைப் பார்த்த பார்வை, கட்டிப்போட்ட மாடு பக்கத்து வயலைப் பார்க்கும் பார்வை.

நடுவராக வந்தவர் நிர்மலா என்ற ஆசிரியை. வெளியூர்க்காரர். மேசைக்கு வந்து சார்ட்டைப் படித்தார்.

"எத்தன கரண்டி கரையும் கண்ணு?"

"அஞ்சு மிஸ்" என்றாள் கலைமதி.

"எப்படித் தெரியும்?"

"சார் சொன்னாருங்க."

"நீ போட்டுப் பாத்தியா?"

கலைமதி கயிற்றுப் பக்கம் பார்த்தாள். சார் தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினார்.

"பாத்தேங்க மிஸ்" என்றாள். பொய் இல்லை. பார்க்கத்தான் செய்தாள்.

"சரி, இப்பப் போடுங்க."

ஹுமேரா கரண்டியை எடுத்தாள். அதை யாரும் பிடுங்கவில்லை. ஒரு நொடி, பிடுங்குவதற்காகக் காத்திருந்ததுபோல அதைக் காற்றிலேயே வைத்திருந்தாள். பிறகு உப்பை அள்ளி, தலை தட்டி, போட்டுக் கலக்கினாள். கரைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதைப் போட்டதும் அடியில் வெள்ளையாகத் தங்கியது.

"ஆச்சு! ஆச்சு!" என்றது கயிறு. "தெவிட்டிருச்சுன்னு சொல்லிரு!"

அவள் சொல்லவில்லை. சாரை எதிர்த்து நிற்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றியிருக்காது. கரண்டி முதன்முதலாகக் கையிலேயே தங்கியிருக்கிறது. கீழே வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். கலக்கிக்கொண்டே இருந்தாள். அடியில் இருந்த வெள்ளை சுழன்றது, மெலிந்தது, காணாமல் போனது.

ஹுமேரா முகவையைப் பார்த்தாள். திரும்பி, முதுகுக்குப் பின்னால் தொங்கும் சார்ட்டைப் பார்த்தாள். மறுபடி முகவையைப் பார்த்தாள்.

"ஏய், அஞ்சுன்னு சொல்லிருடி" என்று கலைமதி காதில் ஓதினாள். "சார்ட்டுல அஞ்சுதான் இருக்குது."

"கரையுதேடி."

"கரைஞ்சா? சார் வையப் போறாரு."

"அதுக்கு உப்பு என்னா பண்ணும்?" என்றாள் ஹுமேரா. ஆறாவது கரண்டியைப் போட்டாள்.

ஆறு கரைந்தது. ஏழு கரைந்தது. எட்டாவதுக்கு நிர்மலா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மேசையில் தெர்மாகோல் எரிமலை வைத்திருந்த பையன்கள் எரிமலையை விட்டுவிட்டு இங்கே எட்டிப் பார்த்தார்கள். "பரவால்ல, தண்ணி நல்லா இழுக்குதுங்க!" என்றார் கவுஸ் பாஷா, மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிறவரின் தொழில் மரியாதையோடு.

மாதவராஜ் சாரின் வயிறு கயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கை எப்போதோ கயிற்றைத் தாண்டிவிட்டது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன. "நல்லா வேகமாக் கலக்கு" என்றார். "வேணாம், போதும், நிறுத்து" என்றார். "கரண்டியச் சாய்ச்சுப் புடி" என்றார். ஹுமேரா எதையும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. ஒன்பது. பத்து.

பதினொன்றாவது லேசில் கரையவில்லை. அவள் கலக்கினாள். உப்பு அடியில் ஒரு வட்டமாகச் சுற்றி வந்தது. கலக்கினாள். வட்டம் சிறிதானது. கலைமதி ஒருமுறை கொட்டாவி விட்டாள். ஹுமேரா கையை மாற்றிக்கொண்டு கலக்கினாள். சில பருக்கைகள் மிச்சம் இருந்தன. முகவையை வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பார்த்து, இறக்கி, மறுபடி கலக்கினாள். பருக்கைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பருக்கை போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றியது. போனது.

பன்னிரண்டாவதைப் போட்டாள். கரண்டியை முகவைக்குள் விட்டாள். நிர்மலா மேடம் மதிப்பெண் தாளின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு குனிந்தார். இது கரைந்தால் பதிமூன்று. கரையாவிட்டால் இதோடு முடிவு.

"இங்கே குடு!"

கயிறு அறுந்ததா, அவிழ்ந்ததா, தெரியவில்லை. சார் உள்ளே இருந்தார். கரண்டி அவர் கையில் இருந்தது.

"மேடம், ஒண்ணுமில்லீங்க மேடம், இந்தக் கரண்டி கொஞ்சம் சின்னது. தண்ணியும் பிள்ளைங்க கூட ஊத்திட்டாங்க. கரெக்டாப் பண்ணா அஞ்சுதாங்க வரும். நான் காட்டறேன் பாருங்க…"

"சார், கைய எடுங்க."

"ஒரே நிமிசம் மேடம்."

"கை பட்டுருச்சுங்க சார்." நிர்மலா மேடம் பேனாவை மூடினார். "இவ்வளவு நேரம் அது நல்லாத்தான பண்ணிட்டு இருந்துது. இன்னும் ரெண்டு நிமிசம் உங்களால நிக்க முடியலீங்களா?"

முடியவில்லை. அதுதானே இனம்.

தருமபுரிக்கு எரிமலை போயிற்று. கவுஸ் பாஷா, "என்னாங்க சார், பாப்பா நல்லாத்தான கலக்கிட்டு இருந்தா" என்றார். அதற்குமேல் வாத்தியாரை என்ன சொல்வது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டார். மாதவராஜ் சார் எங்கள் பக்கம் திரும்பி, "பதட்டத்துல சொதப்பிட்டாங்க. நான் மட்டும் உள்ள போவலைன்னா மானமே போயிருக்கும்" என்றார். பிறகு கரண்டியையும் முகவையையும் ஹுமேராவிடம் நீட்டினார். "கழுவி எடுத்துட்டு வா."

ஹுமேரா கழுவவில்லை. முகவையின் வாயைப் பாலிதீன் கவரால் மூடி, ரப்பர் பேண்டு போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு மாரண்டஹள்ளி பஸ்ஸில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது கரண்டி அடியில் அப்படியே கிடந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழிக்கு ஒரு ஆட்டம், வேகத்தடைக்கு ஒரு குலுக்கல். அந்த முகவை அன்று கலங்கிய கலங்கலை எந்த ஆய்வுக்கூடத்திலும் கலக்கியிருக்க முடியாது. பஸ் நன்றாக உதவி செய்தது. ஒருமுறைகூடக் கையை நீட்டவில்லை. முன்னால், கண்டக்டரின் சீட்டு இயந்திரத்தில் தாள் சிக்கியது. "இங்கே குடுங்க, நான் எடுத்து வுடறேன்" என்ற குரல் கேட்டது. அதன்பிறகு மாரண்டஹள்ளி வரை யாருக்கும் சீட்டு வரவில்லை; பெண்களுக்குத் தரும் இலவசச் சீட்டும்தான்.

வெள்ளை கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. ஹுமேரா கவரைத் திறந்து, கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கலைமதி, "எனக்கும் ஒருவாட்டி குடுடி" என்றாள்.

ஹுமேரா யோசித்தாள். கொடுத்தாள்.

கலைமதி கலக்கினாள். களி கிண்டுகிற கை. அதற்குத் தனி வேகம். ஹுமேராவின் பார்வை கரண்டியைவிட்டு அகலவில்லை. அவளுடைய வலது கை மடியிலிருந்து மெல்ல எழும்பியது. உள்ளங்கை திரும்பியது. "அப்படி இல்லடி, இங்க…"

நிறுத்திக்கொண்டாள். எழும்பிய கையைப் பார்த்தாள், யாருடைய கையோ என்பதுபோல. பிறகு அதைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மாரண்டஹள்ளி பஸ் நிலையம் வரும்வரை எடுக்கவில்லை.

பஸ் நின்றபோது முகவையின் அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் மிச்சம் இருந்தது. "இனிமே கரையாதுடி" என்றாள் கலைமதி. "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் ஹுமேரா. விடை கிடைத்துவிட்டது: பதினொன்று முழுசாக, பன்னிரண்டில் பெரும்பகுதி. மாவட்டத்தில் இது யாருக்கும் தெரியாது. பள்ளியில் இன்றும் சார்ட் தொங்குகிறது. அதில் ஐந்துதான்.

மாதவராஜ் சாரைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்களா? நல்லது. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். பதினொன்றாவது கரண்டியை அந்தப் பெண் கலக்கிக்கொண்டே இருந்தாளே, உப்பு வட்டமாகச் சுற்றியது, வட்டம் சிறிதானது, பருக்கை ஒவ்வொன்றாகப் போனது என்று நானும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேனே, அப்போது 'சரி, கரைஞ்சுதா இல்லையா, சட்டுனு சொல்லு' என்று உள்ளுக்குள் முணுமுணுத்தது யார்? இரண்டு வரியைத் தாண்டி ஓடியது யாருடைய கண்? கை நீட்டி வாங்க முடியாத தூரத்தில் இருந்ததால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் இந்தப் பேனா இந்நேரம் உங்கள் கையில் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்போது யாரோ, எதையோ, உங்களைவிட மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். சத்தம் கேட்கிறது அல்லவா? எழுந்துபோக வேண்டாம். உட்காருங்கள்.

கையின்மேல் உட்காருங்கள்.